உப்பிய டப்பா

பெட்டி மூட மாட்டேன் என்றது.

போன வாரம் மூடியது. அதே பெட்டி, அதே சாமான்கள். துபாய் சத்வா கடைத்தெருவில் பேரம் பேசி வாங்கிய பச்சைத் தகரப் பெட்டி அது. மனைவி சரசுவுக்கு இரண்டு நைலக்ஸ் சேலை, மகள் நாகவள்ளிக்கு ஒரு கவுன், மாமனாருக்கு ஒரு டார்ச் லைட். மீதி இடம் முழுக்க முப்பத்தோரு பாலாடை டப்பா. புதிதாக ஓர் ஊசிகூட உள்ளே போகவில்லை. ஆனாலும் மூடி நாலு விரற்கடை உயரத்திலேயே நின்று வேடிக்கை காட்டியது.

கார்மேகம் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தான். மூடி இறங்கியது. அவன் எழுந்தான். மூடியும் எழுந்தது.

"வாசு, நீயும் வந்து உக்காருப்பா."

நைட் டூட்டி முடித்துவிட்டுப் படுத்திருந்த வாசு கண்ணைத் திறக்காமலே கேட்டான். "எதுல?"

"பெட்டி மேலதான். நாலு நாள்ல ப்ளைட்டு, இன்னும் பெட்டி மூட மாட்டேங்குது."

வாசு மன்னார்குடிக்காரன், எலக்ட்ரீஷியன், அதே ரூம்வாசி. எழுந்து வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். ஒரு டப்பாவை எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டினான். அது நேராக உருளாமல் ஆடி ஆடி உருண்டது.

"அண்ணே, டப்பா எல்லாம் மாசமா இருக்கு."

"என்னது?"

"வயித்தைப் பாருங்க. நிறை மாசம்."

"அது நல்ல சரக்குப்பா. உள்ள நெறைய இருக்குன்னு அர்த்தம்" என்றான் கார்மேகம்.

இதில் அவனுக்குச் சந்தேகமே கிடையாது. துபாய்க்கு வெளியே மணல்காட்டில் கம்பெனி கட்டியிருந்த கேம்ப் அது. பிளைவுட் சுவர், தகரக் கூரை, ரூமுக்கு ஆறு பேர். எழுபத்தேழாம் வருஷத்து ஆகஸ்டு மாத வெயிலில், ரூமுக்குள் வைத்த மெழுகுவர்த்தி தானாகவே வளைந்து கும்பிடு போடும். போன தீபாவளியிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் கம்பெனி ஆளுக்கு ஒரு டப்பா பாலாடை கொடுத்தது. மற்றவர்கள் ரொட்டியில் தடவி, சீனி தூவித் தின்று தீர்ப்பார்கள். கார்மேகம் மட்டும் தன் பங்கை வாங்கி, யாருடைய டப்பா அதிகமாக உப்பியிருக்கிறது என்று வரிசையில் தேடுவான். கண்டுபிடித்ததும் தன்னுடைய தட்டை டப்பாவைக் கொடுத்துவிட்டு, மேற்கொண்டு ஒரு சிகரெட்டும் கொடுத்து, அந்தக் குண்டு டப்பாவை வாங்கிக்கொள்வான். உப்பிய டப்பாவைத் திறந்தால் கைலியெல்லாம் பீய்ச்சி அடிக்கிறது என்பதால் மற்றவர்களும் சந்தோஷமாக மாற்றிக்கொண்டார்கள். தராசில் கறிவேப்பிலை கொசுறு கேட்கிற நம் ஆட்களுக்கு வேறு எப்படித் தோன்றும்? ஒரே காசுக்கு இரண்டு கத்திரிக்காய் இருந்தால் குண்டாக இருப்பதைத்தானே எடுப்போம்.

எல்லாம் நாகவள்ளிக்காக. கமுதிக்குப் பக்கத்தில் கருவேலங்குளத்தில், டீக்கடைப் பால் சட்டியின் முன்னால் போய் நின்றுகொண்டு, மேலே படிகிற ஆடையையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை அது. கடைக்காரர் மனசு வைத்தால் ஒரு விரலில் வழித்துக் கொடுப்பார். புறப்படும்போது கார்மேகம் அதற்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தான். "அப்பா ஒனக்கு டப்பா டப்பாவா பாலாடை கொண்டாருவேன்." அப்போது அதற்கு ஐந்து வயது. இப்போது எட்டு.

மூன்று வருஷத்தில் பிள்ளைக்கு அப்பன் முகம் மறந்திருக்கும். வெறுங்கையோடு போய் நின்றால் யாரோ ஒரு மாமா என்று அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்ளும் என்று அவனுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. அந்தப் பயத்தை அவன் யாரிடமும் சொன்னதில்லை. டப்பாவோடு போனால் பிள்ளை தெரிந்துகொள்ளும் என்று நம்பினான்.

போன தை மாதம் காண்டிராக்ட் முடிந்து ஊருக்குப் போன மாயாண்டியிடம், இருந்ததிலேயே குண்டாகப் பன்னிரண்டு டப்பா பொறுக்கிக் கொடுத்தனுப்பியிருந்தான். போய்ச் சேர்ந்த மாயாண்டி ஒரு வரி எழுதவில்லை. நன்றி கெட்ட பயல். சரசுவின் கடிதங்களும் அதற்கப்புறம் ரத்தினச் சுருக்கமாக வந்தன. "டப்பா இனிமேல் அனுப்ப வேண்டாம். நீங்களும் அதைத் தொட வேண்டாம்" என்று ஒன்று. அவன் உடனே பதில் போட்டான்: "ஒன்றைக்கூடத் தொடவில்லை. எல்லாம் பெட்டியில் பத்திரம்." அதற்கு வந்த அடுத்த கடிதத்தில், "குலசாமி மேல் ஆணை, அதை வாயில் வைக்காதீங்க" என்று இருந்தது.

அதை வாசுவுக்குப் படித்துக் காட்டிச் சிரித்திருக்கிறான். "பாருப்பா, நான் இங்கயே தின்னு தீத்துருவேன்னு இவளுக்குப் பயம்!"

"அனுப்ப வேண்டாம்னும் எழுதியிருக்காங்களே."

"ஒனக்கு இன்னும் கல்யாணம் ஆகல. வேணாம்னு சொல்ற பொம்பளைக்குத்தான் நெறையக் கொண்டு போகணும்."

ஆக, இருவரும் பெட்டி மேல் உட்கார்ந்தார்கள். மூடி சேர்ந்தது. கார்மேகம் குனிந்து கொண்டியை மாட்டினான். இருவரும் எழுந்தார்கள். கொண்டி தெறித்துப் போய்ச் சுவரில் அடித்தது.

"தட்டி நேராக்கிடுவோம்ணே" என்றான் வாசு. தூக்கம் போன எரிச்சலில் அவனுக்கு வேகம் வந்துவிட்டது. "சுத்தியல வச்சு வயித்துல லேசா ஒரு தட்டு. உள்ள போயிரும்."

முதல் டப்பா சொன்னபடி கேட்டது. இந்தப் பக்கம் தட்டினால் அந்தப் பக்கம் உப்பியது என்பது மட்டும்தான் குறை. இரண்டாவது டப்பாவை வாசு முழங்காலுக்கு நடுவில் வைத்துக் கொஞ்சம் ஆசையாகத் தட்டினான்.

டப்பா வெடித்தது.

பாலாடை கூரைக்குப் போனது. கூரையிலிருந்து வாசுவின் தலைக்கு வந்தது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். வாடை இருக்கிறதே, அது ரூமைத் தாண்டி, வராந்தாவைத் தாண்டி, பக்கத்து ரூம் பட்டாணியனை எழுப்பியது. "கேஸ்! கேஸ்! பாகோ!" என்று இந்தியில் கத்திக்கொண்டே அவன் வெளியே ஓட, எதற்கு ஓடுகிறோம் என்று தெரியாமலே அறுபது பேர் பின்னால் ஓடினார்கள்.

"வெளிநாட்டுச் சாமான்னா கொஞ்சம் வாடை இருக்கத்தான் செய்யும்" என்றான் கார்மேகம், மூக்கைப் பிடித்துக்கொண்டு.

மூக்கில் கைக்குட்டையோடு வந்து சேர்ந்தார் கேம்ப் பாஸ் கோபாலசாமி. கும்பகோணத்துக்காரர், சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையாதவர். அவர் முகத்தில் மடிப்பு எப்போதோ கலைந்திருந்தது.

"இன்னிக்குன்னு பார்த்தாய்யா உங்களுக்கு? பத்து மணிக்குப் பலதியாக்காரங்க வர்றாங்க!"

பலதியா என்றால் நகராட்சி.

"எதுக்கு சார்?"

"நம்ம கேம்ப்ல கெட்டுப்போன டப்பா சாப்பாடு போடறாங்கன்னு எவனோ மொட்டைப் பெட்டிஷன் போட்டிருக்கான்யா. இப்ப புதுசாச் சட்டம் வந்திருக்கு. உப்பின டப்பாவை எங்க பார்த்தாலும் பிடுங்கிட்டுப் போய்க் குழி வெட்டிப் புதைச்சுடுவாங்க. ஸ்டோர்ல நாப்பது அட்டைப்பெட்டி இருக்கு, நான் எங்க போவேன்?" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "இதுல இன்னொண்ணு. கம்பெனி ரேஷனை ஊருக்குக் கொண்டு போறவன் எவனா இருந்தாலும் லீவு கேன்சல், மாபி, கிடையவே கிடையாதுன்னு மேனேஜர் சொல்லிட்டார். உங்கிட்ட டப்பா இருக்கா?"

"அய்யோ, இல்ல சார்."

"பெட்டியில என்ன?"

"சேலை சார்."

உப்பிய சேலையைக் கோபாலசாமி ஒரு நிமிஷம் பார்த்தார். அவருக்கு அன்றைக்கு வேறு கவலைகள் இருந்தன. போய்விட்டார்.

பத்து மணிக்கு இன்னும் அரைமணி நேரம். டப்பா போனால் வெறுங்கை. டப்பா பிடிபட்டால் லீவே போய்விடும். மூன்று வருஷம் காத்திருந்துவிட்டு இன்னொரு வருஷமா? அதற்குள் பிள்ளை ஒன்பது வயசுப் பெண்ணாகிவிடும்.

"பொதச்சிருவோம்ணே" என்றான் வாசு, தலையைத் துடைத்துக்கொண்டே. "ரூமுக்குப் பின்னாடி மணல்ல. அவங்க போனதும் தோண்டி எடுத்துக்கலாம். மண்ணுக்குள்ள குளிர்ச்சியாவும் இருக்கும்."

முட்டையைப் புதைத்தால் அவிந்துவிடுகிற மணல் அது. அங்கே இரண்டு பேரும் ஒரு முழம் தோண்டி, மிச்சமிருந்த முப்பது டப்பாவையும் வரிசையாகப் படுக்கவைத்து மூடினார்கள். அடையாளத்துக்கு ஒரு பழைய செருப்பை வைத்தான் வாசு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த நிம்மதி இருவருக்கும்.

பிக்அப் வண்டி சரியாகப் பத்துக்கு வந்தது. வெள்ளை அங்கியில் ஓர் இன்ஸ்பெக்டர், மூட்டை தூக்க நாலு பேர், மொழி சொல்ல ஒரு பெரியவர். அந்தப் பெரியவர் கீழக்கரைக்காரர், பெயர் செய்கு அலாவுதீன். அரபியும் இந்தியும் தமிழும் ஒரே மூச்சில் பேசக்கூடியவர்.

ஸ்டோரைத் திறந்தார்கள். இன்ஸ்பெக்டர் கத்திப் பேசவில்லை. ஒவ்வொரு டப்பாவையும் எடுத்து, கட்டை விரலால் அமுக்கிப் பார்த்து, உப்பியதை எல்லாம் ஒருபக்கம் வைத்தார். அந்த ஒருபக்கம்தான் வளர்ந்துகொண்டே போனது. கோபாலசாமி "எஸ் சார், எஸ் சார்" என்று பின்னாலேயே போய், அவர் எதுவும் கேட்காதபோதும் "எஸ் சார்" என்றார். வண்டி நிறைந்தது. இன்ஸ்பெக்டர் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

கார்மேகம் மூச்சு விட்டான். அந்த நேரம் பார்த்து ரூமுக்குப் பின்னாலிருந்து 'டப்' என்று ஒரு சத்தம்.

"என்ன அது?" என்றார் அலாவுதீன்.

"பூனை" என்றான் வாசு.

மறுபடி 'டப், டப்' என்று இரண்டு. மணல் ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பி, அதோடு ஒரு பழைய செருப்பும் எழும்பிக் கூரையில் விழுந்தது. மூட்டை தூக்குகிறவர்கள் வண்டிக்கடியில் புகுந்தார்கள். கோபாலசாமி தரையில் குப்புற விழுந்து, "நான் ஒண்ணும் பண்ணல" என்று மணலிடம் சொன்னார். இன்ஸ்பெக்டர் மட்டும் நிதானமாக இறங்கி வந்து, வாடை பிடித்தே இடத்தைக் கண்டுபிடித்தார்.

தோண்டினார்கள். உழைத்துச் சேர்த்ததெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

"யாருடையது?" என்று அலாவுதீன் கேட்டார்.

கார்மேகம் முன்னால் வந்தான். வேறு வழியில்லை, அந்தப் பக்கம் பார்த்த அறுபது பேரும் அவனைத்தான் பார்த்தார்கள்.

"ஊருக்குக் கொண்டு போறதுக்கா தம்பி?"

பக்கத்தில் கோபாலசாமி மணலைத் தட்டிக்கொண்டே காதைத் தீட்டினார். லீவு கேன்சல் என்ற வார்த்தை கார்மேகத்தின் தலைக்குள் சுற்றியது.

"இல்ல பாய். நான் திங்கத்தான்."

"இம்புட்டும் நீங்களா?"

"எனக்குப் பாலாடைன்னா உசுரு பாய்."

"வீட்டுக்காரம்மா, புள்ளைங்களுக்கு இல்லையே?"

"எனக்குக் கல்யாணமே ஆகல பாய்" என்றான் கார்மேகம். "ஊர்ல எனக்குன்னு யாரும் இல்ல. புள்ளையாவது குட்டியாவது."

பொய்தானே, பிள்ளைக்காகச் சொன்ன பொய்தானே என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான். வாசு தலையைக் குனிந்துகொண்டான்.

அலாவுதீன் அரபியில் சொன்னார். இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டி ஏதோ பதில் சொன்னார்.

"கெட்டுப்போச்சுங்குறாரு தம்பி. உப்பினாலே உள்ள விஷமாம்."

"விஷமா? நல்ல சரக்கு பாய்! பாக்குறீங்களா, நானே தின்னு காட்டுறேன்."

யாரும் தடுப்பதற்குள் ஒரு டப்பாவை எடுத்துக் கல்லில் அடித்து உடைத்தான். புஸ்ஸென்று நுரைத்துக்கொண்டு வந்தது. இத்தனை மாதத்தில் ஒரு சொட்டு நாக்கில் வைக்காதவன், இரண்டு விரலால் அள்ளி வாய்க்குக் கொண்டு போனான். இதைத் தின்றுவிட்டு நின்று காட்டினால் மிச்சத்தை விட்டுவிடுவார்கள் என்று அவனுக்கு ஒரு கணக்கு.

செய்கு அலாவுதீன் ஓங்கி அவன் கையில் ஓர் அடி அடித்தார். அந்த வயசில் அவருக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. டப்பா எகிறிப்போய் மணலில் கவிழ்ந்தது. இன்ஸ்பெக்டர் வண்டியிலிருந்து தண்ணீர் கேனைத் தூக்கிவந்து, கார்மேகத்தின் விரல்களைத் தானே கழுவிவிட்டார். நகக்கண் வரைக்கும் தேய்த்துக் கழுவினார். அப்புறம் கையை அசைத்து, "கலாஸ்" என்றார்; முடிந்தது என்று அர்த்தம். தண்டனை ஒன்றும் இல்லை. லீவுக்கும் மோசம் இல்லை. டப்பாக்கள் மட்டும் வண்டிக்குப் போயின.

கோபாலசாமி ஏதோ காகிதத்தில் கையெழுத்துப் போட இன்ஸ்பெக்டரோடு ஆபீசுக்குப் போனார். கூட்டம் கலைந்தது. வாசு சோப்பைத் தேடிக்கொண்டு குழாயடிக்குப் போனான். கார்மேகம் தோண்டிய குழியின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டான். நாலு நாளில் ஊருக்குப் போய்ப் பஸ்ஸை விட்டு இறங்குவது கண்முன் தெரிந்தது. எதிரே வந்து நிற்கும் பிள்ளையின் கண் முகத்துக்குப் போகாது, கைக்குத்தான் போகும். தான் ஆம்பிள்ளை என்பதை மறந்து அழுதான்.

அலாவுதீனுக்கு அவனைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பக்கத்தில் வந்து குந்தினார்.

"ஒரு டப்பாவுக்கா தம்பி இப்படி அழுவுறது? உசுரு தப்பிச்சீங்களேன்னு நெனைங்க."

"அந்தப் பெட்டிஷன் போட்டது யாரு பாய்?"

"அத விடுங்க."

"ஒங்களுக்குத் தெரியும். சொல்லுங்க. எவன் போட்டானோ அவன் கைய ஒடிக்காம நான் ப்ளைட்டு ஏற மாட்டேன்."

"வேணாம் தம்பி."

கார்மேகம் ஒரு பிடி மணலை அள்ளினான். ஊரில் சபிக்கும்போது அப்படித்தான் செய்வார்கள். "அவன் குடும்பம் வெளங்குமா பாய்? அவன் புள்ள நல்லா இருக்குமா? மண்ணாப் போகாது?" என்று சொல்லி, மணலைக் குழிக்குள் தூற்றினான்.

பெரியவர் பதறிப்போய் அவன் வாயைப் பொத்தினார். "சொல்லாதீங்க, சொல்லாதீங்க. படைச்சவன் பொறுக்க மாட்டான்." சுற்றுமுற்றும் பார்த்தார். வண்டிக்காரர்கள் எட்டத்தில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். இவனை இந்தச் சாபத்தோடு ஊருக்கு அனுப்புவது பாவம் என்று அவருக்குப் பட்டது.

"ஆபீசுல வாசிக்க ஆள் இல்லாம மேசை மேசையாச் சுத்திட்டு எங்கிட்ட வந்த காயிதம் அது. தமிழ்ல இருந்துச்சு. நான்தான் வாசிச்சுச் சொன்னேன்" என்றார். "பேரும் போடல, கையெழுத்தும் போடல."

"எவன் பாய் அவன்?"

"அவன் இல்ல தம்பி, ஒரு பொம்பள, நம்ம கமுதிப் பக்கம் கருவேலங்குளம், 'எம்மக நாகவள்ளிய வாரிக்கிட்டுப் போன டப்பாவ எம்புருசனும் வாயில வச்சிரக்கூடாது, எப்படியாச்சும் பறிச்சிருங்க'ன்னு எழுதியிருந்துச்சு, அந்த ஆளு இந்தக் கேம்புலதான் இருக்காராம், புள்ள போனது அவருக்கு இன்னும் தெரியாதாம், லீவுல வந்தப்புறம் பக்கத்துல உக்காந்து பக்குவமாச் சொல்லிக்கிறேன்னு அந்தம்மா கெஞ்சியிருக்கு, அதனால யாருன்னு ஒங்களுக்குத் தெரிய வந்தாலும் அவருகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க."